பழைய லேப்டாப்ல பிட்காயின் ஃபுல் நோடு ஓட்ட முடியுமா? செட்டிங்ஸ்ல எதை மாத்தணும்?

முடியும். இத டைப் பண்ற நேரத்துல தண்டையார்பேட்டைல எங்க வீட்டு மொட்டைமாடி ரூம்ல ஒண்ணு ஓடிக்கினுதான் இருக்கு. இங்க ஏற்கனவே ஒருத்தர் பதில் போட்டிருக்காரு, பழைய லேப்டாப்ல எல்லாம் ஆவாது, 16 ஜிபி ரேம்ல புது டெஸ்க்டாப் வாங்கு, டிபிகேஷ (ரேம் கேஷ் அளவு, கீழ சொல்றேன்) 8000 வை, முடியலன்னா க்ளவுட்ல சர்வர் எடுன்னு. அதப் படிச்சிட்டுதான் ஒக்காந்தேன். அவர் மேல கோவம்லாம் இல்ல, அவர் வீட்ல கரண்டே போவாது போல, அவ்ளோதான்.

உங்க நெலம எனக்குப் புரியுது. ஆபீஸ்ல கழிச்சுக்கட்டுன லேப்டாப்பு இல்ல ரிச்சி ஸ்ட்ரீட் செகண்ட்ஹேண்டு, ரேம் 4ல இருந்து 8 ஜிபிக்குள்ள, வீட்ல ஒரு பிராட்பேண்டு, "இன்னாத்துக்கு இது ராவெல்லாம் எரியுது"ன்னு கேக்க ஒரு அம்மா. அப்டி இல்ல, நீங்க பெரிய ஆளுன்னா இந்தப் பதில் உங்களுக்கு இல்ல, விட்டுடுங்க.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா கடைசில எவனாவது வந்து "இதுல மாசம் எவ்ளோ ப்ரோ வரும்"னு கேப்பான். ஒண்ணும் வராது. பிட்காயின் நோடு ஓட்றது மைனிங் (புது காயின் சம்பாதிக்கறது) கிடையாது. வர்ற ஒவ்வொரு ப்ளாக்கையும் (ட்ரான்ஸாக்ஷன மொத்தமா சேத்துக் கட்டுன கட்டு) யார் பேச்சையும் நம்பாம உங்க மெஷினே சரிபாக்கும், உங்க வாலட் அதுகிட்டயே கேட்டுக்கும். 2009 ஜனவரி 3 தேதி போட்ட மொதல் ப்ளாக்ல இருந்து எல்லாத்தையும் எறக்கி கணக்கு பாக்கும். லாபம் வந்தா 30 பர்சன்ட் வரி, வித்தா 1 பர்சன்ட் டிடிஎஸ்னு 2022ல இருந்து இருக்கே, அது காயின் வாங்கி விக்கறவனுக்கு. நோடு ஓட்றவனுக்கு வர்றது கரண்டு பில்லு மட்டும்தான். அதுவும் என் லேப்டாப்பு 20 வாட்ஸ் சுமாரா இழுக்கும், ரெண்டு மாச பில்லுல 29 யூனிட் கிட்ட கூடும். ஏசி இருக்கற வீடுன்னா ஸ்லாப் தாண்டாம பாத்துக்கோங்க.

இப்ப செட்டிங்ஸ். எல்லாம் பிட்காயின்.கான்ஃப்னு ஒரே ஒரு ஃபைல்ல போடறதுதான், பேரெல்லாம் நான் தமிழ்ல அடிக்கிறேன், நீங்க ஃபைல்ல ஆங்கிலத்துல அடிச்சுக்கோங்க. எனக்குத் தெரிஞ்சு முக்காவாசிப் பேர் மாட்டறது டிபிகேஷ்லதான், அதனால அத மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

யார்கிட்ட எவ்ளோ காசு செலவாகாம நிக்குதுன்னு ஒரு கணக்கு இருக்கில்ல, அத செயின்ஸ்டேட்டுனு ஒரு ஃபோல்டர்ல வெச்சிருக்கும். ஒவ்வொரு ப்ளாக்கும் இந்தக் கணக்க மாத்தும். ஒவ்வொரு தடவையும் டிஸ்க்ல போய் எழுதினா லேட்டாவும்னு ரேம்ல சேத்து வெச்சுக்கும், அதுதான் டிபிகேஷ். மளிகைக்கடை அண்ணாச்சி பகலெல்லாம் மனசுலயே கடன் கணக்கு வெச்சுக்கினு கடை சாத்தறப்ப நோட்டுல எழுதுவாரே, அது மாதிரி. கேஷ் பெருசா இருந்தா நோட்டுல எழுதறது கொறயும், வேலை வேகமா நடக்கும், உண்மைதான், நான் மறுக்கல. ஆனா நடுவுல ஆளு மயங்கி வுழுந்தா எழுதாத கணக்கெல்லாம் போச்சு. கேஷ் ரொம்பணும், இல்லன்னா ஒரு நாள் ஆவணும், அப்பதான் மொத்தமா டிஸ்க்குக்குப் போவும்னுதான் ரொம்ப நாளா இருந்துச்சு, சமீபத்து வெர்ஷன்ல அந்த இடைவெளிய கொறச்சிருக்காங்க.

பெரம்பூர்ல என் ஃப்ரெண்டு ஒருத்தன், டெஸ்க்டாப்பு, 16 ஜிபி ரேம், யூபிஎஸ் இல்ல. ஏதோ ஒரு வீடியோவுல எவனோ சொன்னான்னு டிபிகேஷ் 8000 போட்டுட்டான். மே மாசம். ராத்திரி எல்லா வீட்லயும் ஏசி ஓடறப்ப கரண்டு எப்டி இருக்கும்னு எங்க பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும், ஒரு நிமிஷம் போயிட்டு வந்தாலும் டெஸ்க்டாப்பு ஆஃப்தான். காத்தால போன் பண்ணுவான், "இன்னா மச்சான் இது, நைட்டு தூங்கப் போறப்ப 60 பர்சன்ட்ல இருந்துச்சு, இப்ப 45ல நிக்குது, இவன் பின்னால போறானா"ன்னு. எறங்குன ப்ளாக்கு பெரும்பாலும் டிஸ்க்லயேதான் இருக்கும், ஆனா சரிபாத்த கணக்கு போயிடுச்சு, மறுபடி அங்க இருந்து ஆரம்பிக்கும். அப்பால ஒரு நாள் எழுதிக்கினு இருக்கறப்பவே கரண்டு போய் டேட்டாபேஸ் கரப்டுன்னு வந்து நின்னுடுச்சு. ரீஇன்டெக்ஸ்-செயின்ஸ்டேட் குடுத்து மொதல்ல இருந்து கணக்கு போட வெச்சோம். அந்தப் பேஜாரு வேணாம்னுதான் சொல்றேன். அவனுக்கு நான் சொன்னது, 450 எம்பிக்கு வா, மெதுவா போகட்டும், ஆனா முன்னால போகட்டும். அப்டியே முன்னால போச்சு.

இங்கதான் பழைய லேப்டாப்பு ஜெயிக்குது. அதுக்குள்ளயே பேட்டரி இருக்கில்ல. தனியா யூபிஎஸ் வாங்க வேணாம். எங்கம்மா மிக்சி போடறதுக்கு ப்ளக்க புடுங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும். 8 ஜிபி ரேம்னா மொத சிங்க் (எல்லா ப்ளாக்கையும் எறக்கி சரிபாக்கறது) முடியற வரைக்கும் டிபிகேஷ் 2000 வெக்கலாம், 4 ஜிபின்னா 1000 தாண்டாதீங்க, முடிஞ்சதும் அந்த வரியவே எடுத்துடுங்க, அப்பால அது தேவையே இல்ல.

ஆனா பேட்டரிய அப்டியே 100ல மாட்டி வெச்சா உப்பிக்கும், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ரூம்ல அக்னி நட்சத்திரத்துல கேக்கவே வேணாம். திங்க்பேட் மாதிரி மாடல்னா லினக்ஸ்ல டிஎல்பின்னு ஒரு பவர் சாஃப்ட்வேர் போட்டு 80 பர்சன்ட்ல சார்ஜ் நிக்கிற மாதிரி வைங்க. மூடி சாத்தினா தூங்கிடாம இருக்க லிட் ஸ்விட்ச் செட்டிங்க இக்னோர்னு மாத்துங்க. சூட்டுக்கு பார்னு ஒரு செட்டிங் இருக்கு, கையெழுத்து சரிபாக்க எத்தன த்ரெட்டுனு. 0ன்னா எல்லா கோரையும் எடுத்துக்கும். பார்=2 போட்டேன், ஃபேன் சத்தம் நின்னுச்சு. ஆறு மணி நேரம் லேட்டானா இன்னா, நமக்கு எந்த ட்ரெயினப் புடிக்கணும்.

இன்னொண்ணு, இத எந்த வீடியோலயும் பாக்கல. லினக்ஸ்ல நோடு தானா ஓடறதுக்கு சிஸ்டம்டி சர்வீஸா போட்டீங்கன்னா, நிறுத்துன்னு சொல்லி 90 செகண்டுல நிக்கலன்னா அது நோடக் கொன்னுடும், அதான் அதோட டீஃபால்ட். கேஷ்ல இருக்கறத எழுதி முடிக்க நோடுக்கு சில சமயம் அதுக்கு மேல ஆவும். அதனால டைம்அவுட்ஸ்டாப்செக்க 600 வைங்க. பிட்காயின் கோர் (நோடு ஓட்ற சாஃப்ட்வேரு) கூட வர்ற சாம்பிள் ஃபைல்லயும் 600தான் இருக்கு, ஆனா ஆளாளுக்கு சொந்தமா ஒண்ணு எழுதி போட்டுக்கினு அப்பால கரப்டு கரப்டுன்னு அழுவறாங்க. பேட்டரி 20 பர்சன்ட்டுக்கு எறங்கினா நோட ஒழுங்கா நிறுத்தற பிட்காயின்-சிஎல்ஐ ஸ்டாப் கட்டளை குடுக்கற மாதிரி ஒரு சின்ன ஸ்க்ரிப்டும் வெச்சிருக்கேன்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப இதான் காப்பாத்துச்சு. எங்க பக்கம் தெருவே தண்ணி, கீழ் வீட்ல கட்டில் முங்கிடுச்சு, கரண்டு எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. மாடில இருந்த லேப்டாப்பு பேட்டரி எறங்கினதும் தானா ஸ்டாப் ஆயி ஒழுங்கா ஆஃப் ஆச்சு. கரண்டு வந்து, நெட்டு வந்து, ஆன் பண்ணேன். ஒரு நாளைக்கு 144 ப்ளாக் கணக்குல விட்டுப்போனத எல்லாம் எறக்கி ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்து நின்னுடுச்சு. ஒரு எரர் இல்ல. சொல்லிக்கிறேன்னு நெனச்சுக்காதீங்க, ஆனா சொல்லிக்கிறேன்.

இத அப்பால ஆபீஸ்ல பேசிக்கினு இருந்தேன் (நான் பாரிமுனைல ஒரு க்ளியரிங் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ், ஐடி ஆளு கூட இல்ல). சவுத் சைட்ல இருந்து வர்ற ஒருத்தர், நல்ல மனுஷன்தான், சிரிச்சிக்கினே "உங்க ஏரியால இதெல்லாம் கூட பண்றாங்களா"ன்னாரு. கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, தெரியும், வேணாம்னா அடுத்த பேராவுக்குப் போயிடுங்க. "உங்க ஏரியால" அப்டின்னா இன்னா அர்த்தம் சார்? ராத்திரி கேப் புக் பண்ணா ட்ராப் லொகேஷனப் பாத்துட்டு கேன்சல் பண்றான். தம்பி வேலைக்காக அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பாக்கப் போனா சம்பளம் கேட்டாங்க, ஓகே, சொந்த ஊரு கேட்டாங்க, தண்டையார்பேட்டைன்னதும் "சொல்லி அனுப்பறோம்". இன்னும் சொல்லி அனுப்பல. சினிமால நாங்க வந்தா கைல கத்தியோடதான் வருவோம். 2024ல அமெரிக்கால நடந்த கேரம் உலகக் கோப்பைல 3 தங்கம் ஜெயிச்ச காசிமா எங்க புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணு, அவங்க அப்பா ஆட்டோ ஓட்டறவரு. எண்ணூர், அத்திப்பட்டுல கரண்டு உற்பத்தி பண்ற புகையும் சாம்பலும் எங்களுக்கு, ஏரியா பேர சொன்னா ஒரு மாதிரி பாக்கற பார்வையும் எங்களுக்கே. சரி விடுங்க.

டிஸ்க்கு. முழு செயினும் 600 ஜிபி தாண்டி ரொம்ப நாளாச்சு, ஏறிக்கினே இருக்கு, அதனால வெச்சுக்கணும்னா 1 டிபியாவது வேணும். அவ்ளோ துட்டுக்கு எஸ்எஸ்டி வாங்க முடியலன்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ப்ரூன். ப்ரூன்=550ன்னு போட்டா பழைய ப்ளாக்க சரிபாத்துட்டு அழிச்சிடும், 550 எம்பிதான் அதுல கொறஞ்ச அளவு. இத "அரைகுறை நோடு"ன்னு சிலர் சொல்வாங்க, தப்பு, எல்லா ப்ளாக்கையும் அதுவும் முழுசா சரிபாக்குது, பழசத் தூக்கி வெச்சுக்கிறது இல்ல, அவ்ளோதான். ஆனா 550 எம்பில முடிஞ்சுடும்னு நெனச்சு 8 ஜிபி பென்டிரைவ்ல போட்டுடாதீங்க, செயின்ஸ்டேட்டு மட்டுமே 10 ஜிபிக்கு மேல. எறக்கறதும் மொத்தத்தையும் எறக்கியே ஆவணும். ப்ரூன் கூட டிஎக்ஸ்இன்டெக்ஸ் (எல்லா ட்ரான்ஸாக்ஷனுக்கும் அட்டவண போடற செட்டிங்) சேராது, நோடு ஸ்டார்ட்டே ஆவாது. அப்பால மனசு மாறி முழுசா வேணும்னா திரும்ப மொதல்ல இருந்து எறக்கணும், அதனால யோசிச்சுப் போடுங்க.

நான் பண்ணது ரெண்டாவது வழி. லேப்டாப்புல டிவிடி டிரைவ் இருந்த எடத்துல ஒரு கேடி (டிஸ்க்க மாட்டற சட்டம்) வாங்கி பழைய 1 டிபி ஹார்ட்டிஸ்க்க சொருகி, ப்ளாக்ஸ்டிர்னு ஒரு செட்டிங்க வெச்சு ப்ளாக் ஃபைல மட்டும் அதுக்குத் தள்ளிட்டேன். செயின்ஸ்டேட்டு சின்ன எஸ்எஸ்டில. ப்ளாக்கு ஃபைல் வரிசையா எழுதறது, அதுக்கு ஹார்ட்டிஸ்க் போதும். செயின்ஸ்டேட்டுதான் அங்க இங்க தாவித் தாவிப் படிக்கும், அத ஹார்ட்டிஸ்க்ல வெச்சா சிங்க் முடியறதுக்குள்ள நமக்கு நரைச்சுடும். எக்ஸ்டர்னல் யூஎஸ்பி வேணாம், கடல் பக்கத்து வீடுன்னா போர்ட்டு துருப்புடிச்சு லூஸ் கனெக்ஷன் ஆவும், காசிமேட்டுல ஒருத்தருக்கு பாத்தேன்.

நெட்டு. "அன்லிமிடெட்"னு போட்டிருந்தாலும் கீழ பொடி எழுத்துல மாசம் 3.3 டிபின்னு இருக்கும் பல பிளான்ல. எறக்கறது பிரச்சன இல்ல, மொத தடவ தாண்டிட்டா ப்ளாக்கு மட்டும் நாளைக்கு 300 எம்பிக்குள்ள. மத்த நோடுங்க உங்ககிட்ட இருந்து பழைய ப்ளாக்க உறிஞ்சறதுதான் கணக்கே இல்லாம போவும். மேக்ஸ்அப்லோடுடார்கெட்=5000 போட்டா 24 மணி நேரத்துக்கு 5 ஜிபி கிட்ட, அது ஆனதும் ஒரு வாரத்துக்கு மேல பழைய ப்ளாக்க குடுக்காது, புதுச குடுக்கும். மேக்ஸ்கனெக்ஷன்ஸ் டீஃபால்ட் 125, அத 40 ஆக்குனேன், வீட்டு ரவுட்டர் மூச்சு விடட்டும். ப்ளாக்ஸ்ஒன்லி=1 போட்டா தனித்தனி ட்ரான்ஸாக்ஷன வாங்காது, இன்னும் மிச்சம், ஆனா ஃபீஸ் எவ்ளோ போடணும்னு நோடால சொல்ல முடியாது, வாலட்டு வெச்சிருக்கறவங்க போடாதீங்க.

மத்த நோடுங்க உள்ள வர்ற 8333 போர்ட்ட தொறந்து வெச்சும் உள்ள யாரும் வரலயேன்னு கவலப்படாதீங்க, நம்ம ஊர்ல நெட்டு குடுக்கறவங்க பாதிப் பேர் ஒரே ஐபியப் பல வீட்டுக்குப் பங்கு போடறாங்க. எங்க ஆள்கிட்ட சொந்த ஐபி கேட்டேன், மாசம் தனியா ஒரு தொகை சொன்னாரு, போன வெச்சிட்டேன். வெளிய போற கனெக்ஷன் 10 இருந்தா உங்க நோடுக்கு அதுவே போதும். மத்தவங்களுக்கும் உதவணும்னு ஆசன்னா டோர்னு (ஐபிய மறைக்கற நெட்வொர்க்) ஒண்ண இன்ஸ்டால் பண்ணி கண்ட்ரோல் போர்ட்டு 9051 ஆன் பண்ணுங்க, நோடே ஒரு ஆனியன் அட்ரஸ் உண்டாக்கிக்கும், ரவுட்டரத் தொடவே வேணாம். ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் மட்டும் வாங்கிடுங்க, லேப்டாப்பு உயிரோட இருந்து நெட்டு செத்துப் போனா இன்னா பிரயோஜனம்.

கடைசியா, 8332 போர்ட்ட வெளிய தொறக்கவே தொறக்காதீங்க. அது ஆர்பிசி, நோடுக்கு கட்டளை குடுக்கற வாசல். ஆர்பிசிஅலவ்ஐபி எடத்துல நாலு சைபர் போட்டு உலகத்துக்கே தொறந்து விடற வரிய நெறைய பேர் அப்டியே காப்பி பண்ணி ஒட்டறாங்க. உங்க வீட்டு நெட்வொர்க்க மட்டும் போடுங்க, பாஸ்வேர்ட அப்டியே எழுதி வெக்காம ஆர்பிசிஆத் போடுங்க. அஸ்யூம்வேலிட்டுனு (பழைய ப்ளாக்ல கையெழுத்து சரிபாக்கறத மட்டும் தாண்டிப் போற செட்டிங்) ஒண்ணு இருக்கு, அத 0 வெச்சாதான் உண்மையான நோடுன்னு ஒரு கோஷ்டி வந்து சண்ட போடும், புதுசு மெஷின் இருக்கறவங்க வெச்சுக்கட்டும், நம்ம லேப்டாப்புக்கு டீஃபால்ட்டே போதும்னு என் கருத்து, இதுக்கு என்னோட வாதாடாதீங்க.

லேப்டாப்பு மாடல், ரேம், டிஸ்க்கு இன்னான்னு கீழ போடுங்க, உங்க ஃபைல்ல என்னென்ன வரி வரணும்னு எழுதித் தரேன். மாசக் கடைசி, ஆபீஸ்ல கணக்கு முடிக்கிற நேரம், பதில் ரெண்டு நாள் லேட்டாவும்.