கேலக்ஸி படத்தில் நாய்ஸ்: கேமராவை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் பக்கத்தில் உள்ள பலமாடி கார்நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் இருந்து எம்81 கேலக்ஸியை எடுத்தேன். 80 மி.மீ. தொலைநோக்கி, சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமரா, ஐஎஸ்ஓ (படத்தை எவ்வளவு பிரகாசமாக்குவது என்ற கேமரா அமைப்பு) 6400, 30 வினாடி வீதம் 40 படங்கள். அடுக்கிச் சேர்த்த பிறகும் ஒரே நாய்ஸ் (புள்ளி புள்ளியான குருணை). மென்பொருளில் குறைத்தால் கேலக்ஸி மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா?
- வாசகர், பொங்கோல்

பதில்: கேமராவுக்குச் செலவு செய்யாதீர்கள், உங்கள் படத்தில் இருக்கிற நாய்ஸில் பெரும்பகுதி கேமரா போட்டதே இல்லை, சிங்கப்பூர் வானம் போட்டது. ஒளி துகள் துகளாக வருவதால் அதன் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஒரு கணக்குக்கு, உங்கள் ஒரு படத்தில் ஒரு பிக்சலுக்கு வான வெளிச்சம் 2,500 எலக்ட்ரான் (சென்சார் ஒளியை எண்ணும் அலகு) தருகிறது என்று வையுங்கள், ஏற்ற இறக்கம் 50. கேலக்ஸியின் ஓரச் சுருள் கை தருவது வெறும் 25. அது எப்படித் தெரியும்? 100 படங்களைச் சராசரி எடுத்தால் 50 என்பது 5 ஆகிவிடும், அப்போது அந்த 25 தெளிவாக மேலே நிற்கும். உங்களுடையது மொத்தமே 20 நிமிடம். நாலு மணி நேரமாவது சேருங்கள், ஒரே இரவில் வேண்டாம், மேகம் விட்ட இரவுகளில் எல்லாம் சேர்க்கலாம்.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் கூடுதல் ஒளி வராது. 800 அல்லது 1600 போதும், நட்சத்திரங்களின் நிறமும் வெளுக்காது. அப்புறம், இங்கே ஒவ்வொரு படத்தையும் ஐந்து நிமிடம் இழுக்கத் தேவையில்லை, வான வெளிச்சம் சென்சாரின் ரீட் நாய்ஸை (ஒவ்வொரு படத்தையும் சென்சாரிலிருந்து படிக்கும்போது சேரும் நாய்ஸ்) சீக்கிரமே மூழ்கடித்துவிடும், 30 முதல் 60 வினாடி போதும்.

டார்க் ஃபிரேம் (ஒளி புகாமல் மூடிவைத்து எடுத்து, மற்ற படங்களிலிருந்து கழிக்கும் இருட்டுப் படம்) பற்றி நீங்கள் எழுதவில்லை. நம் ஊரில் நள்ளிரவிலும் 27 டிகிரி இருக்கும், சென்சார் அதைவிடச் சூடு, சுமார் 6 டிகிரி கூடினாலே வெப்பத்தால் வரும் சிக்னல் இரட்டிப்பாகிவிடும். படம் எடுத்து முடித்த கையோடு, அதே மேல்தளத்தில், தொலைநோக்கியை மூடிவிட்டு, அதே ஐஎஸ்ஓ அதே வினாடியில் 30 டார்க் எடுங்கள். வீட்டுக்கு வந்து ஏர்கான் அறையில் எடுத்தால் வெப்பநிலை பொருந்தாது, கழித்தும் பயன் இல்லை. டார்க் கழிப்பது ஹாட் பிக்சலையும் (ஒளி இல்லாமலே பளிச்சிடும் புள்ளி) நிலையான கறையையும்தான் நீக்கும், வானத்தின் நாய்ஸைத் தொடாது. சில படங்களுக்கு ஒருமுறை தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்தி எடுப்பதையும் (டிதரிங்) விடாதீர்கள், சாய்வாக ஓடும் கோடுகள் அதனால்தான் மறையும்.

இன்னொன்று, எம்81 இங்கே உச்சத்துக்கு வந்தாலும் வட அடிவானத்துக்கு மேல் 22 டிகிரிதான். அவ்வளவு தாழ்வில் காற்றும் தடிப்பு, நகர வெளிச்சமும் அதிகம். பதிலாக சோம்ப்ரேரோ கேலக்ஸி என்கிற எம்104-ஐ எடுத்துப் பாருங்கள், மே மாத நடுவில் இரவு பத்தரை வாக்கில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்கும். சின்னதுதான், ஆனால் நடுப்பகுதி நல்ல வெளிச்சம், குறுக்கே ஓடும் தூசிப் பட்டையும் பிடிபடும்.

மென்பொருளை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரில் என்ற வானியல் பட மென்பொருள் இலவசம்தான், அதில் முதலில் பின்னணியின் வெளிச்சச் சரிவை நீக்குங்கள், நாய்ஸ் குறைப்பை லேசாக, பின்னணி இருட்டுக்கு மட்டும் போடுங்கள். கேலக்ஸியின் மேல் கொஞ்சம் குருணை இருந்துவிட்டுப் போகட்டும். அதையும் வழித்தெடுத்தால் உண்மையான விவரமும் சேர்ந்தே போகும், அந்த மெழுகுத் தோற்றம் அப்படி வந்ததுதான்.

கேள்வி: நெபுலா (விண்வெளி வாயு மேகம்) எடுக்கும் டூயல் பேண்ட் ஃபில்டர் (இரண்டு குறுகிய நிறப் பட்டைகளை மட்டும் விடும் வடிகட்டி) போட்டால் கேலக்ஸிக்கும் உதவுமா?
- இன்னொரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: பெரும்பாலும் உதவாது. நெபுலா குறிப்பிட்ட சில அலைநீளங்களில் ஒளிர்கிறது, கேலக்ஸியின் ஒளியோ கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி, எல்லா நிறத்திலும் பரவியிருக்கும், ஃபில்டர் அதையும் சேர்த்தே வெட்டிவிடும். எம்82 கேலக்ஸியில் பீறிடும் சிவப்பு வாயு போன்றவற்றைத் தனியாக எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். தெருவிளக்குகள் வெள்ளை எல்இடிக்கு மாறிவரும் நிலையில், பழைய சோடியம் விளக்குக்கு என்று செய்த ஃபில்டர்களும் முன்போல் வேலை செய்வதில்லை. அந்தக் காசில் ஒரு நீண்ட வார இறுதிக்கு நண்பர்களோடு, வானம் இருட்டாக இருக்கும் மலேசியாவின் மெர்சிங் பக்கம் போய் வாருங்கள். வானப் பின்னணி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அதே தரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும், அமாவாசையை ஒட்டிய தேதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வடகிழக்குப் பருவமழை மாதங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.