குளிரில் இறங்கும் குழல், குளிரில் ஏறும் கம்பி: வீட்டில் செய்யும் இசைக்கருவிகள் பற்றிய கேள்வி பதில்

கோத்தகிரியில் என் வீட்டுப் பின்கட்டில் குழாய், மூங்கில், பாட்டில் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பல ஆண்டுகளாக ஒலிக்கவைத்துப் பார்த்து வருகிறேன். மலையிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, பி.வி.சி. குழாயில் செய்த என் ஊதுகுழல் வரிசை காலை ஆறு மணிக்குச் சுருதி இறங்கிவிடுகிறது. பெட்டியில் கட்டிய ஒற்றைக் கம்பியோ ஏறிவிடுகிறது. எங்கே பிழை? (ஊட்டி)

பிழை உங்களுடையது அல்ல, தம்பி. 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடும். 10 டிகிரியில் 337 மீட்டர்தான். அந்த வேகக் குறைவு, ஸட்ஜத்துக்கும் (ச) அதற்கு அடுத்த சுரமான சுத்த ரிஷபத்துக்கும் (ரி) உள்ள இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருதியை இறக்கிவிடும். எஃகுக் கம்பி குளிரில் சுருங்கி இறுகுவதால் மேலே போகிறது. குழலை உள்ளங்கையில் பொத்தி, மூச்சை மெல்ல உள்ளே விட்டுச் சூடாக்குங்கள். அதன்பின் கம்பியின் சுருதியைக் குழலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு முறுக்காணி உண்டு, குழலுக்குக் கிடையாது.

குழாயின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது? (குன்னூர்)

அடி மூடிய குழாயின் நீளம் அலையின் கால் பங்கு. நொடிக்கு 440 அதிர்வு வேண்டுமானால், ஒலி வேகமான 343ஐ 440இன் நான்கு மடங்கான 1760ஆல் வகுத்தால் 0.195 மீட்டர், அதாவது 19.5 செ.மீ. வாய்க்கு வெளியே உள்ள காற்றும் சிறிது சேர்ந்து அதிர்வதால், அரை அங்குலக் குழாயில் அந்த நீளத்தில் அரை செ.மீ. குறைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அறுத்து அறுத்துச் சுருதி சேர்க்காதீர்கள். அறுத்ததை ஒட்ட முடியாது. நீளமாகவே விட்டு, அடியில் தக்கையை இறுக்கமாகச் செருகிக் குச்சியால் தள்ளுங்கள். கடைசி இழை வித்தியாசத்துக்குத் தேன்மெழுகு உருண்டை ஒன்று போதும்.

கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கட்டைகளை வரிசையாக அடுக்கித் தட்டினால் ‘டொக்’ என்று ஒலி செத்துவிடுகிறது. (குந்தா)

தாங்கும் இடம் தவறு. கட்டையின் மேல் பொடி உப்பைத் தூவி, நடுவில் மெல்லத் தட்டிக்கொண்டே இருங்கள். உப்பு துள்ளித் துள்ளி நகர்ந்து, இரு முனைகளுக்கும் அருகே குறுக்குக் கோடாக ஒதுங்கும். அங்கே மரம் அசைவதில்லை. 30 செ.மீ. கட்டை என்றால் அது முனையிலிருந்து 6.7 செ.மீ. அந்த இரண்டு கோடுகளில் மட்டும் கம்பளிக் கயிற்றின் மேல் கட்டையை வையுங்கள். உப்பு அப்படி வரிசை கட்டியதை முதன்முதலில் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மேல் ஸட்ஜம் வேண்டுமென்று பாதியாக அறுத்துவிடாதீர்கள். ஒரு ஸ்தாயிக்கு (ச முதல் மேல் ச வரை) பதிலாக இரண்டு ஸ்தாயி ஏறிவிடும். 30 செ.மீ. கட்டைக்கு மேல் ஸட்ஜம் 21.2 செ.மீ.யில் வரும். அடிப்பக்க நடுவில் செதுக்கினால் சுருதி இறங்கும், முனையில் இழைத்தால் ஏறும். கற்பூர மரம் உலரும்போது முறுக்கிப் பிளக்கும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் தேக்கு இதற்கு எவ்வளவோ மேல்.

மூங்கில் வெடித்துவிட்டது. (கூடலூர்)

அடுப்பருகே வைத்திருப்பீர்கள்; நானும் அப்படித்தான் நான்கு குழல்களை இழந்தேன். உள்கணுக்களைக் கம்பியால் துளைத்து, நிழலில் நிமிர்த்தி, மாதக்கணக்கில் விடுங்கள். மூடுபனிக் காலத்தில் இன்னும் பொறுமை வேண்டும்.

நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்களின் ‘கொள்’ (சீவாளி என்னும் நாணல் நாக்கு வைத்து ஊதும் குழல்) போல ஒன்றை வீட்டில் செய்யலாமா? (கோத்தகிரி)

சீவாளி வைத்து ஊதுவதைக் கற்க நாகஸ்வரத்திலிருந்து தொடங்குங்கள். அதன் உட்குழி கூம்பாக விரிவதால்தான் அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி வருகிறது. நேரான குழாயில் அதே சீவாளி மேல் பஞ்சமத்துக்குத் தாவிவிடும். கொள் அவர்களுடைய சடங்குகளில் ஒலிக்கும் கருவி. அவர்கள் அனுமதித்தால் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். பொம்மையாக நகலெடுப்பதை நான் விரும்பவில்லை.

அக்கா மகள் எட்டாம் வகுப்பு. செலவில்லாமல் எதில் தொடங்கலாம்? (கொடைக்கானல்)

ஏழு கண்ணாடி பாட்டில், ஒரு குடம் தண்ணீர். தண்ணீர் கூடக் கூட, தட்டினால் சுருதி இறங்கும், ஊதினால் ஏறும். தட்டும்போது கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து அதிர்கின்றன, ஊதும்போது மேலே உள்ள காற்று. இதைச் சொல்லிவிடாதீர்கள், ஒரே பாட்டிலை முதலில் தட்டச் சொல்லுங்கள், பிறகு ஊதச் சொல்லுங்கள். அவளே கேட்பாள்.