கிரவுண்டு கேள்வி–பதில்: இலவசப் பேஸ்பால் முகாம்

பதில் சொல்பவர்: மதுரையில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், முன்னாள் கல்லூரி ஆட்டக்காரர்

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், கோடை விடுமுறையில் பள்ளி மைதானத்தில் நடக்கும் இலவசப் பேஸ்பால் முகாமுக்குப் போகிறான். சொல்லிக்கொடுப்பவர்கள் அந்தக் காலத்தில் கல்லூரிக்கு ஆடிய பெரியவர்கள். காசே வாங்காமல் எதற்குச் சொல்லித்தருகிறார்கள் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். பையனோ இரண்டு நாளாக முழங்கை வலிக்கிறது என்கிறான். தொடர்ந்து அனுப்பலாமா?
– வாசகி, ஒத்தக்கடை

முழங்கையிலிருந்து ஆரம்பிக்கிறேன் அம்மா, அதுதான் அவசரம். முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வலித்தால் இன்றோடு எறிவதை நிறுத்திவிடுங்கள். இந்த வயதில் அந்த எலும்பின் முனை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், முழுசாகக் கூடியிருக்காது. வேகமாக எறிய எறிய தசைநார் அதைப் பிடித்து இழுக்கும். அமெரிக்காவில் நிறையப் பிள்ளைகளுக்கு இது வந்து, ‘லிட்டில் லீக் எல்போ’ என்று பெயரே விழுந்துவிட்டது. தைலம் போட்டு உருவிவிட்டு மறுநாள் அனுப்ப வேண்டாம். எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் முகாமுக்குப் போய் ஒரு விஷயம் கேளுங்கள்: பையன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை எறிகிறான், அதை யார் எண்ணுகிறார்கள்? 1939இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய லிட்டில் லீக் என்ற பேஸ்பால் அமைப்பில் இதற்குக் கண்டிப்பான கணக்கு உண்டு. 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் பிட்ச் செய்யக் கூடாது, அதாவது பேட் பிடிப்பவரை நோக்கி எறியக் கூடாது. 9, 10 வயதுக்கு 75. ஒரே நாளில் 66 பந்தைத் தொட்டுவிட்டால் நான்கு நாள் ஓய்வு. அதுவும் சின்ன வயதிலிருந்தே எறிந்து பழகிய பிள்ளைகளுக்கு. போன மாதம் வரை பேஸ்பாலைக் கண்ணால் பார்க்காத நம் பிள்ளைகளை நான் அதில் பாதிகூட எறிய விடமாட்டேன். ‘கர்வ்’ (வளைந்து போகும் பந்து) போடக் கற்றுத்தருகிறேன் என்று யாராவது சொன்னால், இந்த வயதில் வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

காசு வாங்காதது பற்றி உங்கள் வீட்டுக்காரர் சந்தேகப்பட வேண்டாம். அமெரிக்காவிலேயே பெரிய லீக்குகளில் ஆடி ஓய்வுபெற்றவர்கள், தங்கள் முன்னாள் ஆட்டக்காரர் சங்கத்தின் மூலம் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு இலவச முகாம் நடத்துகிறார்கள். எனக்கும் கல்லூரியில் ஒரு சீனியர்தான் தன் கிளவ்வைக் கழற்றி மாட்டிவிட்டுக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு நான் ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை. அந்தக் கடனை அடுத்த பிள்ளைக்குத்தான் அடைக்க முடியும்.

ஆனால் இலவசம் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்காதீர்கள். ஒரு காலையில் அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். அதே பெரியவர் தினமும் அதே ஐந்தாறு பிள்ளைகளோடு நிற்கிறாரா? பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? அப்படியென்றால் தைரியமாக அனுப்பலாம். முதல் நாள் பொன்னாடை, குரூப் போட்டோ, மறுநாள் வேறு ஆள், அதற்கடுத்த நாள் யாருமே இல்லை என்றால் அது முகாமே இல்லை. பெற்றோர் நின்று பார்ப்பதை விரும்பாத முகாமும் வேண்டாம். எட்டரை மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். மே மாத மதுரை வெயிலில் அதற்கு மேல் பிள்ளைகளை ஓடவிடுவது தப்பு. புறப்படும்போது உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.

கல்லூரியில் கேட்சராக (பேட் பிடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவர்) ஆடியவன். வயது 57. முட்டி மடங்காது. எங்கள் பக்கம் நடக்கும் முகாமுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள். ஓட முடியாத நான் போய் என்ன செய்வது?
– வாசகர், திருமங்கலம்

கட்டாயம் போங்கள் சார். உட்கார்ந்த இடத்தில் செய்யும் வேலை இந்த ஆட்டத்தில் நிறைய இருக்கிறது. ஒரு காலி பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள். பேட் பிடிக்கும் பிள்ளைக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னே தள்ளி, பேட் எட்டாத தூரத்தில். இடுப்பு உயரத்துக்குப் பந்தைக் கீழ்க்கையால் மெதுவாகத் தூக்கிப் போடுங்கள். பிள்ளை வலைக்குள் அடிக்கட்டும். நம் பையன்கள் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள், பேட்டைத் தரையில் ஊன்றியே நிற்பார்கள். அதைத் தோளுக்கு மேல் தூக்க வைக்கவே முதல் வாரம் போய்விடும். அதற்கு முட்டி வேண்டாம், பொறுமை போதும்.

எங்கள் முகாமில் ஒரு பையனுக்கு நெஞ்சில் பந்து பட்டுவிட்டது. அதிலிருந்து பந்து வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் அவனைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். டென்னிஸ் பந்துகளில் மார்க்கரால் பெரிசாக எண் எழுதி, பத்தடி தள்ளி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தரையில் உருட்டிவிட்டார். “என்ன நம்பர்?” என்று மட்டும் கேட்பார். நம்பரைப் படிக்க வேண்டுமே, பையன் கண்ணைப் பந்தைவிட்டு எடுக்கவில்லை. உருட்டியது அப்புறம் ஒரு பவுன்ஸ் ஆனது, பிறகு நேராகக் கைக்கு. பயம் விட்டுப்போனது. திட்டி ஓடவைக்கும் கோச்சால் இது நடந்திருக்காது.

அப்புறம், கேட்சராக ஆடியவர் நீங்கள். கிளவ் மாட்டாத வெறுங்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லாததால் விரலில் அடிபட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லிக்கொடுக்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

நான் கிரிக்கெட் ஆடுகிறேன். பேஸ்பால் ஆடினால் என் பேட்டிங் கெட்டுப்போகுமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், மேலூர்

கெட்டுப்போகாது தம்பி. ஒரே நாளில் இரண்டையும் கலந்து ஆடாதே, அவ்வளவுதான். பந்து பிடிப்பதும் குறிபார்த்து எறிவதும் உனக்கு ஏற்கெனவே பாதி தெரியும். ரிங்கு சிங் (கிரிக்கெட் ஆடும் ரிங்கு சிங் இல்லை, வேறொருவர்), தினேஷ் படேல் என்ற இரண்டு இந்திய இளைஞர்கள் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் உண்டு, பேஸ்பாலும் உண்டு.

என் தங்கை இடது கைக்காரி. முகாமில் இருக்கும் கிளவ் எதுவும் அவளுக்குச் சரிவரவில்லை. வலது கையால் எறியப் பழகு என்கிறார்கள். பழக்கலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

கூடவே கூடாது. எறியாத கையில்தான் கிளவ் மாட்ட வேண்டும். முகாமில் இருப்பவை இடது கையில் மாட்டுபவை. அவளுக்கு வேண்டியது வலது கையில் மாட்டுவது. வாங்கும்போது “லெஃப்ட் ஹேண்ட் த்ரோ” என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார். புதிய தோல் கிளவ் விறைப்பாக இருக்கும். நடுவில் ஒரு பந்தை வைத்துக் கயிறு கட்டி, ராத்திரி அப்படியே விடுங்கள். கிளவ் வரும்வரை டென்னிஸ் பந்தை வெறும் இரு கையால் பிடித்துப் பழகட்டும். ஆடவிடும்போது முதல் பேஸில் (பந்தை அடித்தவர் ஓடிப்போய் முதலில் தொட வேண்டிய இடம்) நிறுத்தச் சொல்லுங்கள். அந்த இடத்தில் இடது கைக்காரிக்குக் கிளவ் கை மைதானத்தின் உள்பக்கம் இருக்கும், அங்கிருந்து மற்ற பேஸ்களுக்கு எறிவதும் சுலபம்.