அம்மாவின் எழுபதும் நுவரெலியாப் பயணமும்: கடனட்டையில் போட்டுவிடலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கைக்கு வரும் சம்பளம் 185,000 ரூபாய். மனைவி வீட்டில் ரியூஷன் கொடுப்பதில் 40,000 ரூபாய் வரும். செலவெல்லாம் போக மாதம் 25,000 ரூபாய் மிஞ்சும். சேமிப்பு 210,000 ரூபாய். அம்மாவுக்கு இந்தச் சித்திரையில் 70 வயது. அப்பா இல்லை. புதுவருட விடுமுறையில் அம்மா, சின்னம்மா, நாங்கள் நால்வர், மட்டக்களப்பில் இருக்கும் தம்பி குடும்பம் மூவர் என ஒன்பது பேர் நுவரெலியாவில் மூன்று இரவு தங்க ஆசை. ஹோட்டலில் 4 அறை, இரவுக்கு 25,000 வீதம் 300,000, வான் 75,000, சாப்பாடும் மற்றதும் 75,000. மொத்தம் 450,000 ரூபாய். கடனட்டையில் போட்டு மாதம் 15,000 வீதம் கட்டலாம் என்று நினைக்கிறேன். அட்டை வட்டி ஆண்டுக்கு 26%. அம்மாவோ தன்னுடைய 600,000 ரூபாய் நிலையான வைப்பை எடுக்கச் சொல்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவால் வர முடியாது. பணம் அனுப்புவதாகச் சொல்கிறார், ஆனால் தங்கச் சங்கிலி வாங்கிக் கொடுப்பதே நல்லது என்கிறார். என்ன செய்யலாம்? (வாசகர், கொழும்பு 06)

பதில்: பயணத்தைக் கைவிட வேண்டாம். எழுபது வயதுத் தாயைப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ மூன்று நாள் வைத்திருப்பது செலவழிக்கத் தகுந்த காரியம்தான். மாற்ற வேண்டியவை இரண்டு: பயணம் போகும் திகதி, பணம் வரும் வழி.

முதலில் கடனட்டைக் கணக்கு. 26% என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 2.17%. 450,000 ரூபாய்க்கு முதல் மாத வட்டியே 9,750 ரூபாய். நீங்கள் கட்டும் 15,000 ரூபாயில் 5,250 மட்டுமே கடனைக் குறைக்கும். இப்படியே போனால் கடன் தீர 49 மாதங்கள் ஆகும், மொத்தம் சுமார் 735,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். அம்மாவுக்கு 74 நடக்கும்போதும் எழுபதாவது பிறந்தநாளுக்குத் தவணை போய்க்கொண்டிருக்கும். இன்னொரு பாதிப்பும் உண்டு. அட்டையில் முந்தைய மாத நிலுவையை முழுதாகக் கட்டாதவருக்கு வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. பிறகு அதே அட்டையில் வாங்கும் பால்மாவுக்கும் மருந்துக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதக் கடைச் செலவை அட்டையில் செய்யும் குடும்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வட்டியில்லாத் தவணைத் திட்டம் என்று வங்கி சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆரம்பக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை பிந்தினால் மிச்சத் தொகைக்கு வழமையான வட்டி போடப்படுமா, அந்த விடுதி திட்டத்தில் இருக்கிறதா. உங்கள் மாத மிச்சம் 25,000 ரூபாய்தான். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து தனியார் மருத்துவமனைக்குப் போனால் தவணை பிந்திவிடும். ஆகவே இதுவும் வேண்டாம். அடகும் சீட்டும் அப்படியே. ஏலச்சீட்டில் முதல் மாதமே எடுக்கப் பெரிய கழிவு கொடுக்க வேண்டும், அந்தக் கழிவு வேறு பெயரில் வரும் வட்டிதான்.

அம்மாவின் வைப்பைத் தொடவே கூடாது. முதிர்வுக்கு முன் எடுத்தால் வங்கி குறைந்த வீதத்திலேயே வட்டி கணக்கிடும். அதை விட முக்கியமானது, அந்தப் பணம் அவருடைய மருந்துக்கும் மனத்துணிவுக்கும் உரியது. “எடு மகன், எனக்கு ஏன் காசு” என்று தாய்மார் சொல்வார்கள். அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகக் கூடாது.

அந்த வைப்பு தொடர்பாக நீங்கள் செய்யக்கூடிய வேறொரு வேலை இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் வைப்பு வட்டியில் 10% வரி பிடித்தம் செய்யப்படுகிறது. அம்மாவின் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால், சுயபிரகடனப் படிவம் கொடுத்து அந்தப் பிடித்தத்தை நிறுத்தலாம். வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்குவதால், மார்ச் கடைசி வாரத்தில் அவரை வங்கிக்குக் கூட்டிப் போங்கள். அடையாள அட்டையும், இருந்தால் வரி இலக்கமும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வங்கிகளில் வைப்பு இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு 8% வட்டி என்றால் ஆண்டுக்கு 48,000 ரூபாய். பிடிபடாமல் தப்புவது 4,800 ரூபாய். 60 வயது கடந்தோருக்கு 10 இலட்சம் ரூபாய் வரையான ஓராண்டு வைப்புக்குச் சாதாரண வீதத்தை விட 3% கூடுதல் வட்டி தரும் திட்டம் 2025 ஜூலையில் தொடங்கியது. அம்மாவின் வைப்பு அதில் சேர்ந்திருக்கிறதா என்றும் அன்றே கேட்டுவிடுங்கள்.

இனித் திகதி. ஏப்ரலில் நுவரெலியா வசந்தகாலக் கொண்டாட்டம்; மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று நாட்டின் பாதி அங்கே ஏறிவிடும். அறை வாடகையும் வான் கூலியும் உச்சத்தில் நிற்கும். கிரகரி வாவிப் பக்கம் வாகனம் நகராது. எழுபது வயதுள்ள ஒருவருக்கு அந்தக் கூட்டம் சுகமில்லை. அன்னையர் தினம் மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. 2026இல் அது மே 10. புதுவருடத்தைக் கொழும்பில் மருத்துநீர், கைவிசேடம், கோயில் என்று வழமைபோலக் கொண்டாடிவிட்டு, மே 8 வெள்ளி காலை புறப்பட்டு ஞாயிறு மதியம் திரும்புங்கள். பருவ நெரிசல் ஓய்ந்திருக்கும், விக்டோரியா பூங்காவிலும் ஹக்கலையிலும் பூ மிச்சமிருக்கும், தென்மேற்குப் பருவமழை வழக்கமாக மே பிற்பகுதியில்தான் வலுக்கும். பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம் தவறும், பரவாயில்லை.

பணம் எங்கிருந்து? பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மிச்சம் 75,000. ஏப்ரல் போனஸ் கிடைத்தால், புதுவருடச் செலவு போக அதில் 30,000. தம்பி 40,000. அக்கா 70,000. மொத்தம் 215,000 ரூபாய். உங்கள் 210,000 சேமிப்பு இதில் சேராது. அது ஒரு மாதச் செலவுக்குத்தான் காணும், மூன்று மாதத்துக்குக் காணும்படி வளர்க்க வேண்டிய பணம். போனஸ் வராவிட்டால் கீழே சொல்லும் திட்டத்தில் ஓர் இரவைக் குறையுங்கள். சேமிப்பில் கை வைக்காதீர்கள்.

215,000 ரூபாய்க்குள் இப்படி அடக்கலாம். ஹோட்டல் அறைகளுக்குப் பதிலாகச் சமையல்காரருடன் மூன்று அறை பங்களா, இரவுக்கு 38,000 வீதம் இரண்டு இரவுக்கு 76,000. வான் 450 கிலோமீற்றர், கிலோமீற்றருக்கு 120 ரூபாய் வீதம் 54,000. சாரதியின் சாப்பாடு தங்குமிடத்துக்கு 5,000. மளிகை, காய்கறி, வழிச் சாப்பாடு 36,000. நுழைவுச் சீட்டும் சில்லறையும் 8,000. படத்தொகுப்புக்கு 20,000. மிச்சம் 16,000 கைகாவல். இவை பேரம் பேசுவதற்கான எல்லைகள். வாடகை 38,000க்கு மேல் போனால் வேறு வீடு பாருங்கள், கைகாவலிலிருந்து எடுத்து நிரப்ப வேண்டாம்.

பங்களா பேசும்போது கேட்க வேண்டியவை: அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் அறை உண்டா, எல்லாக் குளியலறையிலும் சுடுநீர் வருமா, இருக்கை வைத்த கழிவறையா, சமையல்காரர் கூலியும் கேஸும் வாடகையில் அடங்குமா, சாரதிக்கு அறை உண்டா. கம்பளிப் போர்வை ஆளுக்கு இரண்டு கேளுங்கள், இரவில் குளிர் எலும்பைப் பிடிக்கும். சமையல்காரர் கட்டாயம். இல்லாவிட்டால் அம்மாதான் அடுப்படியில் நிற்பார், அதைத் தடுக்க உங்களால் முடியாது. வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், கருவாடு, அரிசி இங்கிருந்து போகட்டும். லீக்ஸ், கரட், உருளைக்கிழங்கு அங்கே வாங்குங்கள்.

முற்பணம் 30 வீதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பாதை மூடப்பட்டால் பணம் திரும்புமா, திகதி மாற்றலாமா என்பதை வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதைகளையும் ரயில் பாதையையும் குலைத்த பிறகு இந்த ஒரு வரி மிக அவசியம். ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். வான் அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன் வழியாகப் போகலாம். கித்துல்கலயில் நிறுத்தி அம்மாவைக் கால் நீட்டி நடக்க விடுங்கள். மழை பிடித்தால் புறப்படுமுன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து மண்சரிவு எச்சரிக்கை விசாரியுங்கள்.

சிலர் இவ்வளவு அலைச்சல் ஏன், அன்னையர் தினத்தன்று கொழும்பில் ஒரு ஹோட்டல் பஃபே போதாதா என்பார்கள். ஆளுக்கு 8,500 என்று விளம்பரம் இருந்தால் ஒன்பது பேருக்கு 76,500. பக்கத்தில் சின்னதாய் இரண்டு கூட்டல் குறி இருக்கும்: 10% சேவைக் கட்டணம், 18% வற் வரி. பில் குறைந்தது 97,920 ரூபாய். பங்களாவின் இரண்டு இரவை விட அதிகம், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு.

அக்கா சொல்லும் சங்கிலி பற்றி. செட்டியார் தெருவில் வாங்கும் நகையில் செய்கூலியும் சேதாரமும் சேரும். விற்கும்போது அந்தக் காசு திரும்பாது. அம்மா அதைப் போடுவாரா, பேத்தியின் கல்யாணத்துக்கென்று பூட்டி வைப்பாரா என்பது உங்களுக்குத் தெரியும். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு, தான் கொடுத்தது கண்ணில் தெரிய வேண்டும் என்ற ஏக்கம் இருக்கும். அதற்கு அந்த 20,000 ரூபாய்ப் படத்தொகுப்பை அக்காவின் பெயரில் ஒப்படையுங்கள்.

இது நான் மிகவும் வற்புறுத்தும் செலவு. 1983 இனக்கலவரத்தில் வீட்டோடு படங்களையும் எரியக் கொடுத்த குடும்பங்கள் கொழும்பில் எத்தனையோ. பிற்பாடு வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்தபோது தொலைந்தவை அதிலும் கூட. ஆனால் அந்தக் காலத்தில் கல்யாணப் படமென்றால் பிரதியெடுத்து உறவினருக்கு அனுப்புவது வழக்கம். ஆகவே உங்கள் வீட்டில் இல்லாத படம் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு மாமியின் பெட்டியில் இருக்கக்கூடும். தேடுவதை அக்கா பொறுப்பெடுக்கட்டும். படத்தைப் பகல் வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி எடுக்கச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்; ‘டொக்கியுமெண்ட்’ ஆக அனுப்பினால் குறையாது. படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும், அங்கேதான் திகதியும் ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் இருக்கும். மார்ச் முடிய அறுபது படம் சேர்ந்தால் போதும். ஏப்ரலில் நாற்பது பக்கத் தொகுப்பாக மூன்று பிரதி அச்சிடுங்கள். மூன்று பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று. ஒரு பக்கத்தைப் படத்துக்கும் எதிர்ப்பக்கத்தை வெறுமையாகவும் விடுங்கள்.

அந்த வெறும் பக்கங்களை நுவரெலியாவில் நிரப்புவீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு படத்தை அம்மாவிடமும் சின்னம்மாவிடமும் கொடுத்து, இது யார், எந்த வீடு, யார் எடுத்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். கைபேசியை மேசையில் வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள், ஒரு தடவைக்கு இருபது நிமிடம். அதற்கு மேல் அவர்கள் களைத்துவிடுவார்கள். “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்றால் வாய் திறக்காதவர்கள், படத்தில் இருக்கும் சேலையைப் பார்த்ததும் அரை மணி நேரம் பேசுவார்கள். பதிவை அன்றிரவே அக்காவுக்கும் அனுப்பிவிடுங்கள், அதுவே இரண்டாவது பிரதியாகவும் இருக்கும்.

கடைசியாகப் பணப் புழக்கம். அக்கா வங்கி வழியாகவே அனுப்பட்டும், வங்கிக்கு வெளியே ஆள் வழியாகப் பணம் அனுப்பும் உண்டியல் வேண்டாம். ஏப்ரல் 20க்குள் மூவரின் பணமும் தனியான ஒரு சேமிப்புக் கணக்கில் இருக்க வேண்டும். பில்களைச் சகோதரர் மூவரும் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் போடுங்கள். யார் எவ்வளவு தந்தார் என்பது அம்மாவின் காதுக்குப் போகக்கூடாது. குறைவாகத் தந்த தம்பியை நினைத்து அவர் மூன்று நாளும் கவலைப்படுவார். திரும்பி வந்ததும் கணக்கை மூடாதீர்கள். சம்பளம் விழும் மறுநாள் 8,000 ரூபாய் அதற்கு மாறும்படி வங்கியில் நிலையான கட்டளை கொடுத்துவிடுங்கள். ஜூனில் தொடங்கினால் அடுத்த ஏப்ரலில் 88,000 ரூபாய் இருக்கும். மிஞ்சும் 17,000 ரூபாயை அவசர சேமிப்பில் போடுங்கள்.