காரை விடாத ஒர்க்‌ஷாப்: அடாப்டர் மீது போட்ட பழி நிற்குமா?

கேள்வி: வள்ளியூரில் வசிக்கிறேன். 2014 மாடல் டீசல் கார் வைத்திருக்கிறேன். இன்ஜின் லைட் எரிந்தால் நானே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் ஒரு புளூடூத் ஓபிடி அடாப்டர் (காரின் கோளாறைப் போன் செயலியில் காட்டும் கருவி) வாங்கினேன். அதைச் செருகும் போர்ட் முழங்காலில் இடித்ததால் இரண்டடி எக்ஸ்டென்ஷன் ஒயரும் சேர்த்து மாட்டினேன். அதைக் கழற்றாமல் சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போய் 19 நாள் கழித்து வந்தால், பேட்டரி இறங்கிக் கிடந்தது. திருநெல்வேலி ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்து ஜம்ப் ஒயர் கொடுத்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, இழுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் போனில், "அண்ணாச்சி, நீங்க மாட்டுன அடாப்டர்தான் ஈசிஎம்மை எரிச்சிட்டு" என்றார்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்தான் ஈசிஎம். "பாத்துச் செய்யுங்க" என்றேன். இப்போது ஈசிஎம் 32,000, ஆல்டர்னேட்டர் 5,500, கூலி 3,500, ஆக 41,000 ரூபாய் பில். பணம் கட்டினால்தான் வண்டி என்கிறார்கள். அடாப்டர் மாட்டியது சட்டப்படி தவறா? விற்றவர் மீது வழக்குப் போடலாமா?

பதில்: தவறில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுப்பது, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் வண்டிக்கும் பொருந்தாமல் போகும்படி செய்யும் மாற்றத்தை. கையால் செருகி, கையால் கழற்றும் அடாப்டர் அதில் வராது. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம். அந்த 16 பின் போர்ட் இருப்பதே கருவியைச் செருகிப் படிக்கத்தான்.

அடுத்து, இரண்டு சேதங்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். பேட்டரி இறங்கியதற்கு உங்கள் அடாப்டர் பெரும்பாலும் காரணம்தான். அதை மறுத்து வாதாட வேண்டாம். போர்ட்டின் 16-ஆம் பின்னில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி கரன்ட் இருக்கும். அடாப்டர் 45 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்தால் 19 நாளில் சுமார் 20 ஆம்பியர்-ஹவர் போய்விடும். காரின் சொந்தச் செலவு 25 மில்லி ஆம்பியர் என்றால் அது இன்னொரு 11. பழைய 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இதைத் தாங்காது.

ஆனால் பேட்டரியைக் காலி செய்யும் கசிவு ஈசிஎம்மை எரிக்காது. வழக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. 16-ஆம் பின்னுக்குத் தனி ஃபியூஸ் வழியாகத்தான் கரன்ட் வரும். எக்ஸ்டென்ஷன் ஒயருக்குள் அது 4-ஆம் பின்னான எர்த்தைத் தொட்டால் முதலில் போவது அந்த ஃபியூஸ். 7-ஆம் பின்னான கே-லைன் என்ற தகவல் லைன் இயல்பிலேயே 12 வோல்ட்டில் ஓடுவது. 6, 14 ஆகிய பின்களில் வரும் கேன் என்ற தகவல் லைன்களின் சிப்புகளையும் பேட்டரி வோல்டேஜ் தவறிப் பட்டால் தாங்கும்படிதான் பொதுவாகச் செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் போயிருக்கிறது என்று பில்லே சொல்கிறது. ஓபிடி போர்ட் வழியாக ஆல்டர்னேட்டர் டயோடு எரிவதற்கு வழியில்லை. ஜம்ப் ஒயரில் பிளஸ், மைனஸ் மாறினால் டயோடும் பேட்டரியின் மெயின் ஃபியூஸும் சேர்ந்து போகும். லாரியின் 24 வோல்ட்டிலிருந்து கொடுத்திருந்தாலும் ஆபத்துதான். எந்த வண்டியிலிருந்து, யார் கொடுத்தார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆகவே முதல் வேலை, கழற்றிய ஈசிஎம், ஆல்டர்னேட்டர், எரிந்த ஃபியூஸ்கள் எல்லாவற்றையும் உங்களிடம் ஒப்படைக்கும்படி எழுத்தில் கேட்பது. பதிவுத் தபாலோடு வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். பழைய சாமான் எடைக்குப் போய்விட்டால் அடாப்டர் கதைக்கு எதிராக நிறுத்த உங்களிடம் ஒன்றும் இருக்காது. செயலியில் 'எர்ரர் அழி' பட்டனையும் யாரும் தொடக்கூடாது. பிழைக் குறியீட்டோடு அந்த நேரத்து அளவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். செயலியின் ஸ்கிரீன்ஷாட்களைத் தேதி தெரியும்படி சேமியுங்கள். மின்னணு ஆவணமாகத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள்.

அடாப்டரையும் ஒயரையும் சோதிக்கச் சாட்சியோடு உட்காருங்கள். ஒயரை இரு முனையும் கழற்றி, மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து ஒவ்வொரு பின்னையும் மறுமுனையின் அதே எண்ணோடு பாருங்கள்; பக்கத்துப் பின்னோடு பீப் வரக்கூடாது. தடித்த முனையைத் துளைக்குள் திணித்தால் உள்ளிருக்கும் தகடு விரிந்து, பிறகு எந்த ஸ்கேனரும் பேசாது. மெல்லிய பின் செருகிப் பாருங்கள். கசிவை அளக்க, மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் பேட்டரியின் மைனஸ் முனையில் வரிசையாகக் கோத்து, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் காத்திருந்து, அடாப்டரோடும் இல்லாமலும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் கோத்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியின் மின்துறை ஆசிரியரோ, உரிமம் பெற்ற வாகன சர்வேயரோ இதைச் செய்து கையெழுத்திட்டால் எடை கூடும்.

வண்டியைப் பிடித்து வைப்பதைப் பற்றி. இந்திய ஒப்பந்தச் சட்டம் 170-ஆவது பிரிவின்படி, ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்ப உழைப்பும் திறமையும் செலுத்தியவர் கூலி வரும்வரை பொருளை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் ஒப்படைத்தது பேட்டரிக் கோளாறைப் பார்க்க. ஈசிஎம் மாற்ற எஸ்டிமேட்டில் கையெழுத்து உண்டா, ஜாப் கார்டு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் 32,000 ரூபாய்க்காக வண்டியை நிறுத்தும் உரிமை மிகவும் பலவீனம். ஆனால் உங்கள் "பாத்துச் செய்யுங்க" என்ற வார்த்தையைத்தான் அவர்கள் சம்மதம் என்பார்கள். தொகை சொன்னதற்கு முன்பு பேசியதா, பின்பு பேசியதா என்பதைக் கால் பதிவிலிருந்து உறுதிசெய்யுங்கள். அதே சட்டத்தின் 151-ஆவது பிரிவு, ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப் போலக் கவனிக்கும் கடமையை அவர்கள் மீது வைக்கிறது; ஜம்ப் ஒயரை அவர்கள் துருவம் மாற்றிக் கொடுத்தது தெரிந்தால் அந்தக் கடமை மீறப்பட்டதாகும்.

வண்டி உடனே தேவையென்றால், 'எதிர்ப்புடன் செலுத்துகிறேன், உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை' என்று பில்லில் எழுதி, வங்கி வழியாகக் கட்டி எடுத்துவிடுங்கள். காத்திருக்க முடியுமென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுத்து, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38(8) பிரிவில் வண்டியை விடுவிக்க இடைக்கால உத்தரவு கேளுங்கள். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பாகங்களை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்திடம் கேட்கலாம். ஆய்வுக்குப் போனால் புகாரை முடிக்கச் சட்டம் வைத்திருக்கும் இலக்கு மூன்று மாதம் அல்ல, ஐந்து மாதம்.

அடாப்டர் விற்றவரைச் சேர்ப்பது என் பார்வையில் இப்போதைக்கு வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வேறொருவர் விற்றது, 19 நாள் கழற்றாமல் விட்டது நீங்கள். இரண்டையும் காட்டி 'தவறான பயன்பாடு' என்று அதே நுகர்வோர் சட்டத்தின் 87-ஆவது பிரிவில் தப்பப் பார்ப்பார். ஒயரில் பின்கள் ஒன்றோடொன்று தொட்டிருப்பதாகச் சோதனை காட்டினால் மட்டும் ஒயர் விற்றவருக்கும், வாங்கிய இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதுவரை ஒயரை வேறு வண்டியில் செருகாமல், உறையோடும் பில்லோடும் மூடி ஒட்டி, ஒட்டிய இடத்தில் சாட்சியின் கையெழுத்து வாங்கி வையுங்கள்.