மூட்டுவலிக்குச் சீன மூலிகைக் கஷாயம்

கேள்வி: 63 வயதாகும் எனக்கு முழங்கால் தேய்மானம் உள்ளது, இதயத்துடிப்புக் கோளாற்றுக்காக வார்ஃபரின் என்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை உட்கொள்கிறேன். பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி தாம் குடிக்கும் மூலிகைப் பொட்டலத்தைக் கொடுத்திருக்கிறார். காய்ச்சிக் குடிக்கலாமா? – வாசகி, தோ பாயோ

பதில்: வேண்டாம் அம்மா. காற்று, குளிர், ஈரம் ஆகியவை உடலில் புகுந்து ஏற்படுத்தும் அடைப்பே மூட்டுவலி என்று கருதும் சீன மருத்துவம் (நம் சித்த மருத்துவத்தின் வாதம் நினைவுக்கு வருகிறது), நாடியையும் நாக்கையும் பார்த்து ஆளுக்கேற்ப மூலிகைகளைச் சேர்ப்பதால், அவருக்கென்று கட்டிய பொட்டலம் உங்களுக்குப் பொருந்தாது. 7ஆம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவின் நூலில் காணப்படும், இன்றும் முழங்கால் வலிக்குப் பரவலாகத் தரப்படும் ‘தூஹுவோ ஜிஷெங்’ கஷாயத்தில் தாங்குயி வேர் சேர்கிறது. அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்.

பொட்டலத்தைப் பிரித்தால் தெரிபவை பழுப்பு நிற வேர்ச்சீவல்கள்தாம். அவற்றில் நச்சுத்தன்மையுள்ள நாபிக் கிழங்கின் இனம் இருந்து, சரியாகப் பதப்படுத்தாமலோ போதிய நேரம் கொதிக்காமலோ போனால், ஏற்கெனவே தடுமாறும் இதயத்துடிப்பை அது மேலும் குலைத்துவிடும்.

சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும். விருப்பமிருந்தால் அத்தகைய ஒருவரிடம் உங்கள் மாத்திரைப் பட்டியலைக் காட்டுங்கள். அவர் எழுதித்தருவதை உங்கள் இதய மருத்துவர் பார்த்த பிறகே அடுப்பில் வையுங்கள்.