சாமான் நெசம், பேருதான் பொய்: எங்கள் வீட்டு அகராதி விளையாட்டு

கேள்வி: "பொங்கலுக்குப் பத்துப் பேர் ஒன்றாகக் கூடுகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் வயதானவர்கள் வரை எல்லாரும் சேர்ந்து ஆடுகிற மாதிரி, செல்போன் தேவைப்படாத தமிழ் விளையாட்டு ஏதாவது உண்டா?"

உண்டு. ஒரு பெரிய தமிழ் அகராதி, துண்டுச் சீட்டுகள், ஆளுக்கொரு பேனா. இவ்வளவு இருந்தால் போதும், ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் ஒருவரும் படுக்கப் போக மாட்டார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. நாங்கள் தூத்துக்குடியில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, டவர் இல்லை. கீழ்வீட்டுக்காரர்களும் மேலே வந்துவிட, மொத்தம் ஒன்பது பேர். முதல் நாள் பயத்திலேயே கழிந்தது. இரண்டாம் நாள் இரவு பிள்ளைகளைச் சமாளிக்க முடியவில்லை. தாத்தா தமிழாசிரியராக இருந்தவர். அவர் வைத்துவிட்டுப் போன சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் என்ற தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகள் பரண்மேல் இருந்தன. அதில் ஒன்றை இறக்கி வைத்துக்கொண்டு, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் ஆரம்பித்ததுதான் இந்த விளையாட்டு.

ஒருவர் அகராதியை வைத்துக்கொள்வார். யாருக்கும் தெரியாத ஒரு சொல்லைத் தேடி எடுத்து உரக்கச் சொல்வார். உண்மையான பொருளை அவர் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ள, மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப் பொருளை எழுதித் தருவார்கள். எல்லாவற்றையும் கலந்து வரிசையாக வாசிப்பார். எது உண்மை என்று ஆளாளுக்குக் கை தூக்க வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டு புள்ளி. உங்கள் பொய்யை நம்பி எத்தனை பேர் கை தூக்கினார்களோ, ஆளுக்கு ஒரு புள்ளி உங்களுக்கு. ஒருவருமே உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் அகராதிக்காரருக்கு மூன்று புள்ளி. பிறகு அகராதி அடுத்தவர் கைக்குப் போகும்.

இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. ஆங்கிலத்தில் பழைய வீட்டு விளையாட்டு. பிபிசி 1965 முதல் இதே போன்ற ஒன்றை 'கால் மை பிளஃப்' என்று டிவி நிகழ்ச்சியாகவே நடத்தியது. 1984இல் கனடாவில் 'பால்டர்டாஷ்' என்ற பெயரில் அட்டைப்பெட்டி விளையாட்டாகவும் வந்தது. நான் கல்லூரி விடுதியில் ஆங்கிலத்தில் ஆடியிருக்கிறேன். ஆனால் தமிழில் ஆடிப் பார்த்த பிறகு அது எனக்கு வேறு விளையாட்டாகவே ஆகிவிட்டது. அது ஏன் என்று புரிய எங்கள் ஆச்சி கதையைச் சொல்ல வேண்டும்.

ஆச்சி மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். எழுதச் சங்கடப்படுவார் என்று அவரைச் சேர்க்காமலே தொடங்கினோம். கொஞ்ச நேரம் கழித்து அவரே பேரனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அவன் காதில் ஏதோ சொல்ல, அவன் எழுதினான். அப்போது ஓடிக்கொண்டிருந்த சொல் 'உல்கு'. வந்த சீட்டுகளில் ஒன்று: "கன்றுக்குட்டி மண் தின்னாமல் இருக்க அதன் வாயில் மாட்டும் சிறு கூடை." ஏறக்குறைய எல்லாரும் அதற்குத்தான் கை தூக்கினோம். உல்கு என்றால் சுங்கம். 'உறுபொருளும் உல்கு பொருளும்' என்று திருக்குறளிலேயே இருக்கிறது. எங்கள் மாமாவுக்குத் துறைமுகத்தில் கிளியரிங் வேலை. விடிந்தால் சுங்கத்துறைக் காகிதங்களோடுதான் அவர் பிழைப்பு. அவரும் கன்றுக்குட்டிக் கூடைக்கே கை தூக்கியிருந்தார். "இப்படி ஒரு சாமானே கிடையாதே அத்தை, எங்கிருந்து பிடிச்சீங்க?" என்று அவர் கேட்க, ஆச்சி சொன்னார்: "சாமான் நெசந்தான் மாப்ள. பேருதான் பொய். அதுக்கு வாய்க்கூடுன்னு பேரு. பனை ஓலையில நானே முடைஞ்சிருக்கேன்."

ஆளாளுக்கு அவரவர் கை அறிந்ததிலிருந்துதான் பொய் வருகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சித்தி தையல் மிஷின் வைத்திருப்பவர். முதல் சில ஆட்டங்களில் அவர் எழுதியதில் எல்லாம் மடிப்பும் ஓரமும் நூலும் வந்துவிடும், உடனே பிடித்துவிடுவோம். கீழ்வீட்டு அண்ணாச்சி உப்பளத்தில் வேலை பார்த்தவர். பாத்தி, வாய்க்கால், உப்பை இழுத்துச் சேர்க்கும் பலகை என்றே எழுதுவார். ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு சித்தி உப்பளத்தைப் பற்றியும் அண்ணாச்சி ரவிக்கையைப் பற்றியும் எழுத ஆரம்பித்தார்கள். அதற்காக ஒருவரை ஒருவர் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துக்கொண்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்று வருடம் மேலும் கீழுமாகக் குடியிருந்தும் வணக்கத்துக்கு மேல் பேசிக்கொள்ளாத இரண்டு பேர்.

அதே இரவில் இன்னொரு சொல், 'சிமிலி'. சித்தப்பா எழுதியது: "மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக் கூண்டு." எதிரில் சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, காதிலும் சிம்னி என்றே விழுகிறது. ஏழு பேரில் ஆறு பேர் விழுந்தோம். சிமிலி என்றால் உறி. மணிமேகலையில் வரும் சமணத் துறவியிடம் 'சிமிலிக் கரண்டை' இருக்கும், அதாவது உறியில் தொங்கும் கமண்டலம். பிள்ளைகளுக்கு உறியடி தெரியும், உறி தெரியாது. ஆச்சி எழுந்து போய் அடுக்களை உத்தரத்தில் இன்னும் துருப்பிடித்துத் தொங்கும் கொக்கியைக் காட்டினார். அதிலிருந்து கயிறுகள் இறங்கும், அடியில் பானை உட்காரும் வளையமான பிரிமணை, அதன்மேல் மோர்ப் பானை, அதன்மேல் தயிர்ச் சட்டி. பூனை எவ்வளவு தாவினாலும் எட்டாது. அந்தக் கொக்கி எதற்கு என்று எனக்கே அதுவரை தெரியாது. நான் பிறந்து வளர்ந்த வீடு அது.

சொல் தேர்வு பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. தற்கால அகராதிகள் இதற்கு உதவாது, அவற்றில் எல்லாம் புழங்குகிற சொற்கள். லெக்சிகன்தான் சரி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளும் 1939இல் ஒரு அனுபந்தமும் வந்தன. அனுபந்தத்தையும் சேர்த்தால் 1,17,762 சொற்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, வேண்டியதை முன்கூட்டிக் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஓசையே காட்டிக்கொடுக்கும் சொற்களை விட்டுவிடுங்கள். 'ஞிமிறு' என்றேன், ஆறாம் வகுப்புப் பையன் "வண்டு மாதிரி சத்தம் வருது" என்று போட்டு உடைத்துவிட்டான். வண்டுதான். நீளமான வடசொற்களும் வேண்டாம், யாராவது பிரித்துப் பொருள் சொல்லிவிடுவார்கள். இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள் அருமையாக வேலை செய்யும்.

அதைவிட அருமை, எல்லாருக்கும் தெரிந்த சொல்லுக்கு யாருக்கும் தெரியாத பொருள் இருப்பது. 'முந்திரி' என்று சொல்லிவிட்டு, பருப்பையும் பழத்தையும் தவிர வேறு பொருள் என்று நிபந்தனை போடுங்கள். 320இல் ஒரு பங்கு என்ற பழைய கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். தொல்காப்பிய மரபியலைப் புரட்டினால் புதையல். 'அப்பர்' என்றால் ஆட்டுக்கடா. 'பாட்டி' என்றால் பெண் பன்றி, பெண் நாய், பெண் நரி.

இந்தப் 'பாட்டி'யில்தான் எங்கள் வீட்டின் பெரிய சண்டை நடந்தது. போன பொங்கலுக்கு அதை எடுத்தேன். அத்தை பேத்தி, எட்டாம் வகுப்பு, "பாட்டுப் பாடுகிறவள்" என்று எழுதியிருந்தாள். சின்னப் பிள்ளை, பாட்டு என்பதோடு இ சேர்த்துவிட்டாள் என்று எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரும் கை தூக்கவில்லை. பெண் நாய் என்று நான் உண்மையை அறிவித்த பிறகு அகராதியில் அந்தச் சொல்லுக்குப் போட்டிருந்ததை முழுதாக வாசித்தேன். பாணர் குலப் பெண், பாடுகிறவள் என்ற பொருளும் அங்கே இருந்தது! மதுரைக்காஞ்சியில் 'பாணர் வருக பாட்டியர் வருக' என்று வருகிறதே, அந்தப் பாட்டி. பொய் என்று நினைத்து எழுதியது மெய்யாக இருந்துவிட்டது. புள்ளி உண்டா இல்லையா என்று அரை மணி நேரம் வாதம். கடைசியில் மூன்று புள்ளி கொடுத்து அந்தச் சுற்றை ரத்து செய்தோம். அன்று முதல், ஒரு சொல்லை எடுக்கும்போது அதன் எல்லாப் பொருளையும் முதலிலேயே படித்துவிட வேண்டும் என்பது எங்கள் சட்டம். நீங்களும் தொடக்கத்திலேயே இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பொய் எழுதுவதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: அழகாக எழுதிவிடுவது. அகராதி அப்படிப் பேசாது. "மரவகை", "மீன்வகை", "ஒரு பழைய வரி" என்று வறட்டுத்தனமாக முடித்துவிடும். "மழைக்கால மாலையில் மட்டும் பூக்கும் வெண்ணிறக் கொடி" என்று எழுதினால் அது பொய்யென்று குழந்தைக்கும் தெரியும். "ஒருவகைக் கொடி" என்று நிறுத்துங்கள். சித்தப்பா இன்னும் ஒருபடி மேலே போய், கடைசியில் அடைப்புக்குறிக்குள் (பிங்.) என்று போடுவார். பிங்கல நிகண்டு என்ற பழைய சொற்பொருள் நூலில் உள்ளது என்பதற்கு லெக்சிகன் போடும் குறி அது. நாங்கள் விழித்துக்கொள்வதற்குள் மூன்று சுற்று ஜெயித்துவிட்டார்.

அகராதி வைத்திருப்பவர் எல்லாச் சீட்டுகளையும் மனதுக்குள் ஒருமுறை படித்த பிறகுதான் உரக்க வாசிக்க வேண்டும். கையெழுத்து புரியாமல் திக்கினால் அது பொய்ச் சீட்டு என்று தெரிந்துபோகும். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களோடு ஜோடி சேரட்டும். எழுத வராத பெரியவர்கள் இருந்தால் இன்னும் நல்லது, அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதலாம். தயவுசெய்து அவர்களைப் பார்வையாளர்களாக உட்கார வைத்துவிடாதீர்கள். நாங்கள் முதலில் அந்தத் தவறைச் செய்யப் பார்த்தோம்.

ஒரு நோட்டும் வாங்கி வையுங்கள். எங்கள் வீட்டு நோட்டில் இடப்பக்கம் அகராதிச் சொற்கள், வலப்பக்கம் 'சாமான் நெசம்' என்று தலைப்புப் போட்டு, பொய்யாக வந்து நிஜமென்று தெரிந்த பொருள்களும் அவற்றின் சரியான பெயர்களும். வலப்பக்கம்தான் வேகமாக நிரம்புகிறது.

தொடங்க ஐந்து சொற்கள் தருகிறேன்: இடங்கர், வெருகு, எகினம், கண்டி, ஏமாப்பு. பொருளை இங்கே எழுதவில்லை. உங்கள் வீட்டார் யாராவது இந்தப் பதிலையும் படிக்கக்கூடும்.